ஐந்து பந்துக்கு ஒரு மொட்டை

பெருமாள் துணை

போல்டன், இங்கிலாந்து
18-8-91, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

மைதானத்தில் இருந்தவர்கள் விவரம்: நான். என் தம்பி பேச்சிமுத்து. அவன் பெண்சாதி அய்யம்மாள், மடியில் முப்பத்தொன்பது நாள் பிள்ளை. மைதானத்துக்குள் தம்பியின் மூத்த மகள் கோதையையும் சேர்த்துப் பிள்ளைகள் இருபத்திரண்டு, எல்லாம் பதினோரு பன்னிரண்டு வயது. விசில் ஊதுகிறவர் ஒருவர். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த வெள்ளைக்காரர்கள் முப்பத்தாறு பேர். நாய் மூன்று, மூன்றும் சேர்ந்தாலும் நம் ராஜபாளையம் நாய் ஒன்றுக்குக் காணாது. இது போக, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைமேல் இருக்கிற நம் சீனிவாசப் பெருமாளும் வந்திருந்தார். அது எப்படி என்று பின்னால் எழுதுகிறேன். வரிசையாகப் போனால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அய்யம்மாள் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்த இடத்தில் கால்பந்து பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. கோதை நேற்று ராத்திரி சாப்பிடும்போது அழுதாள். "இந்த மேட்சுல நல்லா வெளையாடலைன்னா வாத்தியார் என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவாரு அத்தை" என்றாள். பிள்ளை அழுத பிறகு வீட்டில் எப்படி இருக்க முடியும். கணக்கு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன்.

கோதை ஆண் பிள்ளைகளோடு சேர்ந்துதான் விளையாடுகிறாள். இங்கே இந்த வயதுவரை அப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அரைக்கால் சட்டை போட்டிருந்தாள். ஆனால் முழங்கால் வரை காலுறை உண்டு. இரண்டுக்கும் நடுவே தெரிந்தது நான்கு விரற்கடைதான். இதை என் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மைதானத்தின் இரண்டு முனையிலும் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். ஒரு வலையில் கோதை காவல். மற்ற வலையில் ஒரு செம்பட்டை முடிப் பையன் காவல். பேச்சிமுத்து எனக்கு விளக்கம் சொல்ல வந்தான். "நீ சும்மா இருலே, வலையக் கண்டா தெரியாதா" என்று சொல்லிவிட்டேன். நெல் போட்டு வைக்கிற குலுக்கை மாதிரிதான் இதுவும். நம் குலுக்கையில் விழுந்தால் நமக்கு, அடுத்தவன் குலுக்கையில் விழுந்தால் அடுத்தவனுக்கு. நோட்டில் கோடு போட்டு, கோதை வலையில் விழுவதை வரவு என்றும் அந்தப் பையன் வலையில் விழுவதைச் செலவு என்றும் எழுத ஆரம்பித்தேன்.

மணி 10.20க்கு முதல் வரவு. நீலச் சட்டைப் பிள்ளைகள் பாடுபட்டுக் கொண்டுவந்து கோதையிடம் சேர்த்தார்கள். நான் எழுந்து கை தட்டினேன். கோதைக்குப் பதற்றம் அதிகம். வருகிற பந்தைத் தாவித் தாவி வெளியே தள்ளிவிடுகிறாள். அப்படி நான்கைந்து பந்து வீணாகப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி கோதை, தட்டாத, உள்ள விடு" என்று சத்தம் போட்டேன். முப்பத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிமுத்து தூரத்து மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டான்.

நீலச் சட்டைப் பையன் ஒருவனுடைய அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, நான் கை தட்டும்போதெல்லாம் அவளும் தட்டினாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள், இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள். எவ்வளவு நல்ல ஜனம். பாதி ஆட்டத்தில் விசில் ஊதி, கோதையை எதிர் முனை வலைக்கு மாற்றிவிட்டார்கள். வாடகை வீடு மாதிரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வரவு மூன்று, செலவு இரண்டு. ஒரே ஒரு பந்துதான் வித்தியாசம், பிள்ளையின் வாழ்வு அதில் நிற்கிறது. கண்ணை மூடி மலை இருக்கிற திசையை மனசில் நினைத்துக்கொண்டேன். "மலைமேல் இருக்கிற சீனிவாசா, எங்க கோதை வலையில அஞ்சு பந்து விழட்டும். விழுந்தா இந்தப் புரட்டாசி சனிக்கிழமை எங்க வீட்டு அவிய தலைய மொட்டை போட்டு முடியக் காணிக்கை தாரேன்" என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணைத் திறக்கிறேன், நான்காவது விழுகிறது. விசில் ஊதப்போகிற சமயத்தில் ஐந்தாவதும் விழுந்தது. கேட்டது ஐந்து. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் காரில் ஏறியதும் "அக்கா, செத்த நேரம் கம்முனு வா" என்று மட்டும் தம்பி சொன்னான். கோதை வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள், சாப்பிட வரவில்லை. முப்பத்தாறு பேர் பார்வை பட்டதுதான் காரணம். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். உடனே கூரையில் ஒரு வட்டப் பெட்டி அலறி, பக்கத்து வீட்டு ஆள் ஓடிவந்துவிட்டார். அவ்வளவு கண்ணேறு.

புரட்டாசிச் சனிக்கிழமை நான்கு வருகிறது. எது சௌகரியமோ அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் காணிக்கையைச் செலுத்திவிடவும்.

இப்படிக்கு,
ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
29-8-91

அன்புள்ள ஆவுடைக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். செட்டியார்பட்டியிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் குழம்பு கொடுத்துவிடுகிறாள். மற்ற நாளில் நானே சமைக்கிறேன், அதனால் நலம் என்பதை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் இதையெல்லாம் பேசலாம்தான். ஆனால் பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வாய் வருவதில்லை.

கடிதத்தை இரண்டு தடவை படித்தும் எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று பிடிபடவில்லை. சைக்கிள் கடை பக்கீர் முகமதுவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் சின்ன வயசில் மதுரை வரை போய்க் கால்பந்து ஆடியவன், அதுவும் வலைக் காவல்தான். "தட்டாத, உள்ள விடு" என்கிற இடம் வந்ததும் அவன் கையில் இருந்த பஞ்சர் டியூப்பைக் கீழே போட்டுவிட்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"ஏலே கண்ணுச்சாமி, கோலி, அதான் வலைக் காவலு, நிக்கிற வலையில பந்து விழுந்தா அது அவுகளுக்கு நட்டம்லே. விழவிடாமத் தடுக்கத்தான் அந்தப் புள்ள நிக்கி. ஒம் பொண்டாட்டி மருமக தோத்துப் போகணும்னு சாமி கும்பிட்டு, அதுக்கு ஒன் மொட்டையை வச்சிருக்கா" என்றான்.

ஆவுடை, அந்தப் பெண் பிள்ளை தாவித் தாவித் தள்ளியது பதற்றத்தில் இல்லை. அதுதான் அவள் வேலை. உனக்கு டீ கொடுத்தவள் எதிர்க்கட்சி.

ஆகவே வேண்டுதல் செல்லாது. நீ மனசில் நினைத்தது கோதை ஜெயிக்க வேண்டும் என்று. அவள் ஜெயிக்கவில்லை. நினைப்பு நடக்கவில்லை என்றால் காணிக்கை எதற்கு? இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு முக்கிய விஷயம். மில்லில் இருபத்தைந்து வருஷம் முடித்தவர்கள் இந்த ஆண்டு ஏழு பேர். ரிங் பிரேம் மேஸ்திரி என்ற முறையில் நானும் உண்டு. ஆயுத பூஜையன்று மாலை போட்டுக் கைக்கடிகாரம் தருகிறார்கள். ஏழு பேரையும் நிறுத்திப் போட்டோ எடுத்து, கண்ணாடி போட்டு, மேனேஜர் அறைக்கு எதிரே மாட்டுவார்கள். மில் இருக்கிற வரை அந்தப் போட்டோ இருக்கும். ஐம்பது வயசில் நரையில்லாமல் சுருட்டை முடியோடு அந்த ஏழு பேரில் நிற்கப்போகிறவன் நான் ஒருவன்தான். புரட்டாசியில் மொட்டை போட்டால் ஆயுத பூஜைக்குள் எவ்வளவு முளைக்கும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

அன்புடன்,
கண்ணுச்சாமி


பெருமாள் துணை

போல்டன்
8-9-91

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஆட்டம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமையே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதல் கடிதத்தை அன்று காலையில்தான் தபாலில் போட்டிருந்தேன். பேச்சிமுத்து இரண்டு டம்ளரைப் படுக்கவைத்து, ஒரு கொண்டைக்கடலையை உருட்டி விளக்கினான். மூன்றாவது தடவை உருட்டும்போது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அந்தக் கடலையை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

நோட்டைத் திருத்திவிட்டேன். வரவைச் செலவு என்றும் செலவை வரவு என்றும் சிவப்பு மையில் மாற்றி, ஓரத்தில் தேதி போட்டிருக்கிறேன். பிள்ளையின் மனசை அப்படித் திருத்த முடியவில்லை. இருபத்தொரு நாளாகக் கோதை என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். தலை வாரிவிடக் கூப்பிட்டால் வந்து உட்காருகிறாள். பேச்சு மட்டும் கிடையாது. வாத்தியார் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டார். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை இறக்கிப் பார்ப்பாராம். அதிலும் சரியில்லை என்றால் அவ்வளவுதான்.

வேண்டுதல் செல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ரேஷன் கடையில் சீனி வாங்க நினைத்துக்கொண்டு கோதுமை என்று கேட்டுவிட்டால், அவன் கோதுமையை அளந்து போடுவான். வாங்கிய கோதுமைக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நான் பெருமாளிடம் கேட்டது கோதை வலையில் ஐந்து. அவர் கொடுத்தது கோதை வலையில் ஐந்து. நினைப்பு என்னுடைய பாடு. வாயால் சொன்னதுதான் அவரோடு பேசின பேச்சு.

பெருமாளுக்குக் கால்பந்து தெரியாதா என்று பக்கீர் அண்ணன் கேட்பார். தெரிந்திருக்கும். இவள் ஏதோ காரணமாகத்தான் கேட்கிறாள் என்று கொடுத்துவிட்டார்.

எனக்கு இருக்கிற கவலை இதுதான். அக்டோபர் கடைசி ஆட்டத்தில் கோதைக்காக நான் சரியானபடி வேண்டிக்கொள்ள வேண்டும். பழையது நிலுவையில் நிற்கும்போது எந்த முகத்தோடு புதிதாகக் கேட்பேன்? நீங்கள் மொட்டை போட்டால்தான் எனக்கு வாய் திறக்கும். முடி முளைக்கும். போட்டோவில் முகம்தானே முக்கியம்.

பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்கவும். வீட்டில் நான் இல்லாத குறைக்குப் பாத்திரமும் இல்லாமல் போக வேண்டாம்.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
22-9-91

அன்புள்ள ஆவுடைக்கு,

நேற்று முதல் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மலையேறிச் சாமி கும்பிட்டேன். முடியோடு போய் முடியோடு திரும்பிவிட்டேன். அவசரப்பட்டுக் கோபப்படாமல் முழுசாகப் படி.

மொட்டை போடுகிற கொட்டகையில் ஒரே கூட்டம். அங்கே தவசிமுத்து என்று ஒரு பெரியவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்தவராகத் தெரிந்தது. மெதுவாக விஷயத்தை எடுத்தேன்.

"அண்ணாச்சி, வீட்டுல பொம்பளை ஒண்ணை நெனச்சு ஒண்ணை வேண்டிட்டா. அது செல்லுமா?"

"என்ன வேண்டுனாக?"

"பந்து அஞ்சு விழணும்னு."

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஆனா தப்பான எடத்துல."

அவர் என் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்ல முடியா இருக்கே. தண்ணி தெளிக்கட்டா?" என்றார்.

"இல்ல, செல்லுமா செல்லாதான்னு கேக்கேன்."

"தம்பி, நியாயம் கேக்க வாரவுக மேல போவணும். எங்கிட்ட வாரவுக குனியணும். பின்னால எம்புட்டு தலை நிக்கி பாத்தீகளா?"

பின்னால் நின்ற ஆள், "போடுறதுன்னா போடும், இல்லைன்னா எந்திரியும்வே" என்றான். எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பூமுடி கொடுத்தால் என்ன? மூன்று இடத்தில் கத்தரியால் கொஞ்சம் எடுப்பார்கள். பின்பக்கமாக எடுத்தால் போட்டோவில் தெரியாது. பெருமாளுக்கும் மரியாதை, மில்லுக்கும் மரியாதை.

வேண்டாம், நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். மொட்டை என்றுதான் சொன்னேன், பூமுடி என்று சொல்லவில்லை என்பாய்.

அப்படியானால் நானும் ஒன்று கேட்கிறேன். இருபத்தாறு வருஷமாகக் கேட்க நினைத்தது. நீ வேண்டிக்கொண்டதெல்லாம் ஏன் என் உடம்பின் மேலேயே வருகிறது? உன் அம்மாவுக்கு மூட்டுவலி வந்தது. மடவார் வளாகம் கோயில் பிராகாரத்தில் மூன்று சுற்று உருண்டது நான். அத்தைக்கு மூட்டு சரியாயிற்று, எனக்கு முதுகு போயிற்று. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது என் தலை. வீட்டுக்கு மேல்தளம் போட்டபோது என் தலை. உன் தம்பிக்கு விசா கிடைத்ததற்கு நான் காவடி எடுத்தேன். அவன் விமானத்தில் போனான், நான் செருப்பில்லாமல் நடந்தேன். இப்போது இங்கிலாந்தில் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஜெயித்ததற்கும் என் தலைதானா?

ஒரு தடவையாவது என்னிடம் கேட்டிருக்கிறாயா? கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு.

கண்ணுச்சாமி


பெருமாள் துணை

போல்டன்
2-10-91

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் இவர் மேலேயா வருகிறது, ஆண்பிள்ளைக்கு இவ்வளவு கணக்கா என்று நினைத்தேன். உங்களைத் தோற்கடிப்பதற்காகவே நோட்டின் பின்பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நம் கல்யாணத்திலிருந்து நான் வேண்டிக்கொண்டதும் நிறைவேற்றியதும் அங்கே வரிசையாக எழுதியிருக்கிறது. நோட்டு மாறும்போதெல்லாம் அதையும் பார்த்து எழுதிக்கொள்வேன்.

பெரிய காணிக்கை மொத்தம் ஏழு. மொட்டை மூன்று, உருண்டது இரண்டு, காவடி ஒன்று, ஆறு மாதம் வெற்றிலை போடாமல் இருந்தது ஒன்று. ஏழுக்கும் எதிரே "அவிய" என்று எழுதியிருக்கிறது. எனக்கு எதிரே எழுதினது நான்கு வெள்ளிக்கிழமை ஒருபொழுது. அன்றைக்கும் பலகாரம் சாப்பிட்டிருக்கிறேன்.

இத்தனை வருஷம் நான் ஒழுங்காக எழுதிய கணக்கு இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினது ஒழுங்குதான். கூட்டிப் பார்க்கவில்லை.

அடுப்படியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கோதை தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில், "என்ன அத்தை, யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்றாள். ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பந்துக்கு வேண்டிக்கொண்டதை அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மாமாவின் மொட்டை என்கிற இடத்தில் அவளுக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அஞ்சும் நான் விட்டதுன்னுதான அத்தை இத்தன நாளா அழுதேன். நீங்கதான் உள்ள போட்டீங்களா?" என்றாள். அதன் பிறகு "மாமா பாவம்" என்றாள். நியாயமான பிள்ளை.

அத்தான், நான் முடிவு பண்ணிவிட்டேன். சொல் சொல்தான், அதில் மாற்றம் இல்லை. காணிக்கை போயாக வேண்டும். ஆனால் உங்களைக் கேட்காமல் உங்கள் தலையை வைத்தது என் தப்பு. நீங்கள் போட்டோவுக்கு முடியோடு நில்லுங்கள். தை மாதம் ஊருக்கு வந்ததும் நேரே மலைக்குப் போய் உங்களுக்குப் பதிலாக என் தலையைக் கொடுத்துவிடுகிறேன். பூமுடி இல்லை, முழு மொட்டை. தாமதத்துக்குப் பெருமாளிடம் இங்கிருந்தே சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்துக்கு என்னை எதிர் வலைக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருக்கிறாள் கோதை. வாயைத் திறக்கும் முன்னால் தன்னிடம் ஒரு தடவை சொல்லிக்காட்ட வேண்டுமாம்.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
18-10-91

அன்புள்ள ஆவுடைக்கு,

உன் கடிதம் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. உன் தலையைக் கொடுப்பதாக எழுதிய வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பும் காரணம், ஆனால் அது மட்டும் இல்லை.

நீ வேகமாக நடக்கிறவள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் உன் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் வருஷாவருஷம் உன்னைத் தவறவிடாமல் வீடு வந்து சேர்வது அந்தச் சடையை அடையாளம் வைத்துத்தான். சடையில்லாமல் நீ முன்னால் போனால், வருகிற ஆடிப்பூரத்தில் நான் யாரைப் பின்தொடர்வேன்?

மறுநாள் கடைசிச் சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் போய்விட்டேன். தவசிமுத்து என்னைப் பார்த்ததும், "நியாயம் கெடைச்சிருச்சா?" என்றார். "கெடைச்சிருச்சு, தண்ணி தெளியும்" என்று குனிந்தேன். முழு மொட்டை. சந்தனமும் பூசிக்கொண்டேன். உன் நோட்டில் எழுதிக்கொள். இந்தத் தடவை நானாகப் போட்டது என்று பக்கத்தில் குறித்துக்கொள்.

நினைப்புத்தான் கணக்கு என்று நான் சொன்னதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. உன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான்.

இனி போட்டோ. ஆயுத பூஜையன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒளிந்து ஒளிந்து மில்லுக்குப் போனேன். ஏழு பேரை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். போட்டோக்காரன், "துண்டை எடுங்க அண்ணாச்சி" என்றான். எடுத்தேன். பக்கத்தில் நின்ற பேச்சிமுத்து, உன் தம்பி இல்லை, எங்கள் ப்ளோரூம் பேச்சிமுத்து, அவனும் துண்டை எடுத்தான். மொட்டை. அவனுக்கு அடுத்தவனும் மொட்டை. புரட்டாசி முடிகிற சமயம் என்பதை நான் மறந்தே போனேன். ஏழு பேரில் ஐந்து பேர் மொட்டை. ஐயாதுரையும் ஞானதுரையும் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் இரண்டு பேருக்குத்தான் முடி. ஐயாதுரை என்னிடம், "ஏன்வே, சொல்லியிருந்தா நாங்களும் போட்டுருப்போம்லா, இப்ப நாங்கதான் கூட்டத்துல சேராதவங்க மாதிரி நிக்கோம்" என்று வருத்தப்பட்டான்.

மேனேஜர் வந்து பார்த்து, "இது மில்லா மடமா" என்று கேட்டார். வெளிச்சம் தலையில் பட்டுப் போட்டோக்காரனுக்குக் கண் கூசி மூன்று தடவை எடுத்தான். இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நான் இடமிருந்து நான்காவது.

கடிகாரம் ஓடுகிறது.

கண்ணுச்சாமி


பெருமாள் துணை

போல்டன்
29-10-91

அன்புள்ள அத்தானுக்கு,

மைதானத்தில் இருந்தவர்கள் விவரம்: நான். பேச்சிமுத்து, இந்தத் தடவை மரத்தடிக்குப் போகவில்லை. அய்யம்மாளும் கைப்பிள்ளையும். பிள்ளைகள் இருபத்திரண்டு. விசில் ஊதுகிறவர் அவரேதான். வெள்ளைக்காரர்கள் இருபத்தெட்டு, குளிர் அதிகம். நாய் ஒன்று. பெருமாள்.

உங்கள் கடிதம் ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்தது. போட்டோவைக் கோதையிடம் கொடுத்து மாமா எது என்று கேட்டேன். இடமிருந்து நான்காவதைச் சரியாகக் காட்டினாள். எப்படித் தெரிந்தது என்றால், "இவருதான் அழுகுற மாதிரி நிக்காரு" என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முகம் நன்றாக இருக்கிறது. காது கொஞ்சம் பெரிசு, இத்தனை வருஷம் முடி மறைத்திருக்கிறது.

ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை வரை, நீங்கள் மொட்டை போட்டது எனக்குத் தெரியாது. என் தலை முதல் வேண்டுதலுக்குப் போகிறது, இன்னொரு காணிக்கைக்கு வளர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எதிர் வலைக்குப் பின்னால் நின்றேன். அங்கே காவல் நின்ற பையன் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தான், பாவம். கோதையிடம் முன்கூட்டியே சொல்லிக்காட்டி, அவள் சரி என்ற பிறகு, அதே வார்த்தையில் வேண்டிக்கொண்டேன்: "சீனிவாசா, எங்க கோதை வலையில ஒரு பந்துகூட விழக் கூடாது. விழாம இருந்தா என் சடையை உனக்குத் தாரேன். அவியளுது இல்ல, என்னுது."

கோதை அன்றைக்கு வலைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றாள். தாவினாள், புரண்டாள், ஒரு தடவை முகத்தால்கூடத் தடுத்தாள். இந்தத் தடவை நான், "தட்டு, ஏட்டி, தட்டு" என்று கத்தினேன். எங்கள் பிள்ளைகள் எதிர் வலையில் மூன்று போட்டார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது, யார் காலிலோ பட்டுத் திரும்பிய பந்து ஒன்று கோதை வலைக்குள் உருண்டுபோய்விட்டது. மூன்றுக்கு ஒன்று. கோதை கட்சி ஜெயித்தது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். வாத்தியார் அவளை இனி எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். ராத்திரி மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இப்போது நீங்கள்தான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நோட்டில் அந்த வரியை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

பழைய வேண்டுதலை நீங்கள் தீர்த்துவிட்டீர்கள், அது சரி. புதியதில், என் சட்டப்படி பார்த்தால், ஒன்றுகூட விழக் கூடாது என்று வாயால் சொன்னேன், ஒன்று விழுந்துவிட்டது. காணிக்கை இல்லை. உங்கள் சட்டப்படி பார்த்தால், கோதை ஜெயிக்க வேண்டும் என்பதுதான் நினைப்பு, அவள் ஜெயித்துவிட்டாள். சடை போயாக வேண்டும்.

உங்கள் தலை என் சட்டத்தில் போனது. என் தலையை என் சட்டத்திலேயே காப்பாற்றிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காக அவசரப்பட்டுக் கொடுத்துவிடவும் மனசில்லை. நீங்கள் ஆடிப்பூரத்தைப் பற்றி எழுதியதை நான்கு தடவை படித்தேன்.

இந்தத் தடவை உங்களைக் கேட்டுத்தான் செய்வது என்று இருக்கிறேன். எந்தச் சட்டம் என்று யோசித்து, சீக்கிரம் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
ஆவுடையம்மாள்